வேர்ட்பிரஸ் நிறுவியாயிற்று: முதல் பதிவுக்கு முன் எந்த செட்டிங்ஸை முடித்துவிட வேண்டும்?

நெல்வயல் (கேள்வி)

வணக்கம். சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள பகிர்வு ஹோஸ்டிங்கில் சாஃப்டாகுலஸ் என்ற தானியங்கி நிறுவி வழியாக வேர்ட்பிரஸ் நிறுவியிருக்கிறேன். டொமைன் திறக்கிறது, எஸ்எஸ்எல் சான்றிதழும் ஏறிவிட்டது. பிஎச்பி 8.2. தீம், பிளகின் எதையும் இன்னும் தொடவில்லை. பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றித் தமிழில் எழுதப்போகும் தளம். வாரம் இரண்டு பதிவு, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் படம்.

செட்டிங்ஸில் ஏழு பக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை என்று தெரியும். பதிவுகள் சேர்ந்த பிறகு மாற்றினால் சேதம் வருபவை எவை, எப்போது மாற்றினாலும் பரவாயில்லை என்பவை எவை? இப்படிப் பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். பதிவின் முகவரி தமிழில் இருக்கலாமா, தள மொழியைத் தமிழாக வைக்கலாமா என்பதிலும் தெளிவு வேண்டும்.

வழங்கிக்கூடம்

சரியான கேள்வி. முதல் பதிவுக்கு முன் முடிக்க வேண்டியவை தள முகவரி, பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி அமைப்பு), நேர மண்டலம், நிர்வாகியின் பயனர் பெயர், பட அளவுகள், இவ்வளவுதான். மற்றவற்றை எந்த நாளிலும் மாற்றலாம்.

முகவரியில் தொடங்குங்கள். செட்டிங்ஸ் → ஜெனரலில் இரண்டு பெட்டிகள் இருக்கும். வேர்ட்பிரஸ் அட்ரஸ் என்பது கோப்புகள் இருக்கும் இடம், சைட் அட்ரஸ் என்பது வாசகர் தட்டச்சு செய்யும் முகவரி. உங்களைப் போன்ற சாதாரண நிறுவலில் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைசியில் சாய்கோடு வேண்டாம். முன்னால் மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்து, இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். முகவரியின் வாலில் டபிள்யூபி என்று ஒட்டிக்கொண்டிருந்தால் நிறுவும்போது டைரக்டரி பெட்டி காலியாக இல்லை என்று பொருள். இன்னும் ஒரு பதிவும் இல்லாததால் அதை நகர்த்தப் பாடுபட வேண்டாம். சாஃப்டாகுலஸில் நீக்கிவிட்டு, அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு மறுபடி நிறுவுவது ஐந்து நிமிட வேலை.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும் முன் அந்த முகவரியை உலாவியில் தனியாகத் திறந்து, எச்சரிக்கை எதுவும் வராமல் தளம் வருகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் சரியாக ஏறாத நிலையில் இந்தப் பெட்டியை மாற்றிச் சேமித்தால் உள்நுழைவுப் பக்கமே திறக்காமல் போகலாம். டூல்ஸ் → சைட் ஹெல்த் பக்கத்தில், வேர்ட்பிரஸ் 5.7 முதல், தளத்தை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றித் தரும் பொத்தானே இருக்கிறது. அது தெரிந்தால் அதையே அழுத்துங்கள்.

தவறான முகவரியால் பூட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு வழி உண்டு. சிபேனலின் ஃபைல் மேனேஜரில் வேர்ட்பிரஸ்ஸின் அமைவுக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கைத் திறந்து, 'இதற்குக் கீழே திருத்த வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் வரிக்கு மேலே டபிள்யூபி_ஹோம், டபிள்யூபி_சைட்யூஆர்எல் என்ற இரண்டு மாறிலிகளுக்கும் சரியான முகவரியைக் கொடுக்கலாம். அல்லது டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் ஆப்ஷன்ஸ் அட்டவணைக்குப் போய் சைட்யூஆர்எல், ஹோம் என்ற இரண்டு வரிகளைத் திருத்தலாம். முதல் வழியைக் கையாண்டால் ஜெனரல் பக்கத்தில் அந்தப் பெட்டிகள் மங்கலாகி, அங்கிருந்து மாற்ற முடியாமல் இருக்கும். கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

நேர மண்டலம் தொடக்கத்தில் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். பட்டியலில் ஆசியாவின் கீழ் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் +5:30தான். கோடை நேர மாற்றம் உள்ள டொரண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் இருந்து எழுதுபவர்கள் மணிக்கணக்கைத் தேர்ந்தெடுக்காமல் ஊர்ப் பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வருடத்தில் பாதி நாள் ஒரு மணி நேரம் பிசகும்.

இதை முதலிலேயே ஏன் செய்ய வேண்டும்? பதிவின் நேரம் அப்போதைய மண்டலப்படி டேட்டாபேஸில் எழுதப்பட்டுவிடும். பின்னால் மண்டலத்தை மாற்றினாலும் பழைய பதிவுகளில் காட்டும் நேரம் தானாகத் திருந்தாது. யூடிசியில் விட்டுவிட்டு நள்ளிரவுக்கும் அதிகாலை 5:30க்கும் இடையில் வெளியிட்டால் பதிவில் முந்தைய நாள் தேதி விழும். பெர்மாலிங்கில் தேதியும் இருந்தால் முகவரியிலேயே தவறான தேதி நின்றுவிடும்.

பயனர் பெயர்: சாஃப்டாகுலஸ் படிவம் 'அட்மின்' என்ற பெயரையே முன்கூட்டி நிரப்பி வைத்திருக்கும். கடவுச்சொல்லைக் குறிபார்க்கும் தானியங்கிகள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். பயனர் பெயரைப் பின்னர் மாற்ற வேர்ட்பிரஸ் இடம் தருவதில்லை. யூசர்ஸ் → ஆட் நியூ வழியாக அட்மினிஸ்ட்ரேட்டர் தகுதியுடன் புதிய கணக்கு தொடங்கி, அதில் நுழைந்து பழையதை நீக்குங்கள். நீக்கும்போது அந்தக் கணக்கின் பதிவுகளை என்ன செய்வது என்று கேட்கும். புதிய கணக்குக்கு மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் பதிவுகளும் சேர்ந்து போய்விடும்.

பட அளவுகளை மீடியா பக்கத்தில் பாருங்கள். தம்ப்நெயில் 150, மீடியம் 300, லார்ஜ் 1024 பிக்சல். இவை போக 768, 1536, 2048 அகலங்களிலும் வேர்ட்பிரஸ் பிரதி எடுக்கும். 2560 பிக்சலைத் தாண்டிய படமானால் அதைச் சுருக்கி இன்னொரு பிரதி எடுத்து, மூலத்தையும் வைத்துக்கொள்ளும். ஒரு கைபேசிப் படம் ஏற்றினால் வழங்கியில் எட்டுக் கோப்புகள்வரை சேரும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இடத்துக்கு மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் பெரும்பாலும் வரம்பு உண்டு. வாரத்துக்குப் பதினைந்து படம் என்றால் இது சிறிய கணக்கு அல்ல. ஏற்றும் முன் நீளப் பக்கத்தை 1600 பிக்சலுக்குள் சுருக்கிவிடுங்கள். மீடியம் அளவு தேவையில்லை என்றால் அதன் இரண்டு பெட்டிகளிலும் 0 கொடுங்கள். இந்தப் பக்கத்தில் செய்யும் மாற்றம் இனி ஏற்றும் படங்களுக்கு மட்டுமே பொருந்தும். பழையவற்றுக்கு ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ் பிளகினை ஓட்ட வேண்டியிருக்கும்.

தள மொழியைத் தமிழாகவே வையுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்ற குறிப்பு உலாவிக்கும், திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கும் போய்ச் சேரும். கருத்துப் படிவமும் மாதப் பெயர்களும் தமிழில் வரும். உங்கள் டாஷ்போர்டு மட்டும் ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் யூசர்ஸ் → புரொஃபைலில் மொழியைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். உதவிக் கட்டுரைகளில் வரும் மெனுப் பெயர்களோடு ஒப்பிட அது வசதி.

எழுத்தாணி

பெர்மாலிங்க் பற்றி நான் சொல்கிறேன். தமிழில் எழுதுபவர்களுக்கு மற்ற எல்லா செட்டிங்ஸையும்விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

அமைப்பு 'போஸ்ட் நேம்' ஆக இருக்கட்டும். தேதி சேர்க்காதீர்கள். நாற்றங்கால் பற்றிய பதிவை மூன்று வருடம் கழித்துத் திருத்தி எழுதுவீர்கள், அப்போது முகவரியில் பழைய வருடம் நின்றால் வாசகர் திறக்கத் தயங்குவார்.

அடுத்தது ஸ்லக், அதாவது முகவரியில் தலைப்பு வரும் பகுதி. இதற்கு டேட்டாபேஸில் 200 இடம்தான் உண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் மூன்று பைட். முகவரிக்காக அதைச் சதவீதக் குறியோடு மாற்றி எழுதும்போது ஒரு குறிக்கு ஒன்பது இடம் போகிறது. புள்ளியும் கால்வாங்கியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ஆக மொத்தம் 22 குறிகளுக்கே இடம் இருக்கிறது.

உங்கள் துறையிலேயே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: 'மாப்பிள்ளைச் சம்பா நாற்றங்கால் தயாரிப்பு'. முதல் சொல்லில் 12 குறிகள், 108 இடம். இடைக்கோடு ஒன்று. 'சம்பா' 5 குறிகள், 45 இடம். மறுபடி இடைக்கோடு. இதுவரை 155. மிச்சம் 45 இடத்தில் ஐந்து குறிகள் நுழையும். ஆகவே வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் ஸ்லக் 'மாப்பிள்ளைச்-சம்பா-நாற்ற' என்று முடியும். உலாவியின் மேல்பட்டியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடம் அது. நாற்றங்கால் நாற்றமாக நிற்க விடக்கூடாது.

அதோடு, அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தமிழாக வராது. சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நாலைந்து வரிக்கு நீளும். பெறுபவர் அதை ஸ்பாம் என்று நினைப்பார்.

அதனால் ஒவ்வொரு பதிவிலும் வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டையில் ஸ்லக் பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கையால் எழுதுங்கள். ரகத்தின் பெயரும் விஷயமும் இருந்தால் போதும். பகுப்புகளுக்கும் குறிச்சொற்களுக்கும் இதையே செய்யுங்கள், அங்கேயும் 200தான் வரம்பு. ரகப் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைப்பிடிக்க ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கவுனியை ஒரு பதிவில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதினால் பின்னால் உங்களுக்கே தேட முடியாது.

படக் கோப்புகளின் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வெவ்வேறு பெயர். மேக் கணினி வழியாகக் கோப்புகள் போய்வரும்போது இப்படிப் பிரிந்துவிடுவது உண்டு. 'கொ' உள்ள படங்கள் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால் காரணம் இதுதான். வழங்கி மாறும்போது ஜிப் கோப்பிலும் தமிழ்ப் பெயர்கள் சிதையலாம்.

பனையோலை

எழுத்தாணி சொன்ன கணக்கு சரி. ஆனால் ஆங்கில ஸ்லக்தான் ஒரே வழி என்று புதியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். யூடிஎஃப்-8 முகவரிகளை கூகுள் நன்றாகவே படிக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் மேல்பட்டியில் தமிழிலேயே காட்டுகின்றன. தமிழ்த் தளத்துக்குத் தமிழ் முகவரி வேண்டும் என்று விரும்புபவர் 22 குறிகளுக்குள் ஸ்லக்கைக் கையால் எழுதினால் போதும். 'நாற்றங்கால்' என்ற ஒற்றைச் சொல் 11 குறிகள்தான், 99 இடம். தலைப்பு முழுவதையும் ஸ்லக்காக்கிக்கொள்ளும்படி வேர்ட்பிரஸ்ஸிடம் விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தளம் முழுவதும் ஒரே முறையாக இருக்கட்டும். ஒரு பதிவின் ஸ்லக்கை மட்டும் பின்னால் மாற்றினால் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். பெர்மாலிங்க் அமைப்பையே மாற்றினால் எல்லா முகவரிக்கும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இன்னொன்று. பிஎச்பிமைஅட்மினில் போஸ்ட்ஸ் அட்டவணையின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) 'யூடிஎஃப்8எம்பி4' என்று தொடங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். புதிய நிறுவலில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் தெரிந்தால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. புரியாத லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தால் பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. அதைச் சரிசெய்துவிடலாம்.

நெல்வயல்

மூவருக்கும் நன்றி. முகவரி, நேர மண்டலம், கணக்கு மூன்றும் முடிந்தன. 'போஸ்ட் நேம்' என்று மாற்றிச் சேமித்த பிறகு முகப்பு திறக்கிறது, ஆனால் மாதிரிப் பதிவைத் தொட்டால் 404 (பக்கம் கிடைக்கவில்லை) வருகிறது. ஜெனரலில் நிர்வாக மின்னஞ்சலை மாற்றினேன், உறுதிப்படுத்தும் மடல் வரவே இல்லை. ஸ்பாமிலும் இல்லை.

வழங்கிக்கூடம்

404க்கு: முகப்பு திறந்து உள்பக்கங்கள் திறக்காவிட்டால் முகவரி விதிகளை வழங்கிக்குச் சொல்லும் எச்டிஆக்சஸ் கோப்பில் வேர்ட்பிரஸ்ஸின் விதிகள் ஏறவில்லை. பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜரில் அது மறைந்திருக்கும். வலது மேல்மூலையில் செட்டிங்ஸைத் திறந்து மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதை டிக் செய்யுங்கள். கோப்பு இல்லையென்றால் காலியாக ஒன்றை உருவாக்கி, அனுமதி எண் 644 வைத்து, பெர்மாலிங்க்ஸ் பக்கத்தில் எதையும் மாற்றாமல் மறுபடி சேமியுங்கள். அப்படியும் எழுத முடியாவிட்டால் அந்தப் பக்கத்தின் அடியிலேயே ஒட்ட வேண்டிய வரிகளை வேர்ட்பிரஸ் காட்டும். அவற்றை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். அபாச்சி, லைட்ஸ்பீடு என்ற வழங்கி மென்பொருள்கள் இரண்டுக்கும் இது போதும். என்ஜின்எக்ஸ் மட்டும் ஓடும் வழங்கியில் இந்தக் கோப்புக்கு வேலையே இல்லை, ஹோஸ்டிங் உதவிக்குழுவிடம் விதி எழுதச் சொல்ல வேண்டும்.

மின்னஞ்சல்: உறுதிப்படுத்தும் இணைப்பைத் தொடும்வரை பழைய முகவரியே நிர்வாக முகவரியாக நீடிக்கும். சாஃப்டாகுலஸ் நிரப்பி வைத்த பழைய முகவரி 'அட்மின்' என்று தொடங்கி உங்கள் டொமைனில் முடியும். அந்தப் பெயரில் அஞ்சல்பெட்டியே இல்லாமல் இருக்கலாம். வேர்ட்பிரஸ் அனுப்பும் மடல்களில் அனுப்புநர் 'வேர்ட்பிரஸ்' என்று தொடங்கும் முகவரி, அதற்கும் பெட்டி கிடையாது. பல அஞ்சல் சேவைகள் இப்படி வரும் மடலை வாசலிலேயே நிறுத்திவிடும்.

சிபேனலில் உங்கள் டொமைனிலேயே ஒரு அஞ்சல்பெட்டி தொடங்குங்கள். 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மடல் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் சான்றுகள்) இரண்டும் சரி என்று காட்டுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே ரிப்பேர் பொத்தான் இருக்கும். பிறகு டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி பிளகினில் அந்தப் பெட்டியின் விவரங்களைக் கொடுங்கள். எஸ்எஸ்எல் என்றால் போர்ட் 465, டிஎல்எஸ் என்றால் 587. அனுப்புநராக ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள், உங்கள் டொமைன் முகவரியே இருக்க வேண்டும். சோதனை மடல் வந்து சேர்ந்த பிறகு ஜெனரலில் மாற்றத்தை மறுபடி கொடுங்கள்.

ஜெனரலில் உள்ள முகவரியும் உங்கள் புரொஃபைலில் உள்ள முகவரியும் வேறுவேறு. கடவுச்சொல் மறந்தால் மீட்பு மடல் வருவது புரொஃபைல் முகவரிக்கு. அதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

சுட்டெலி

கருத்துகள் பற்றி யாரும் சொல்லவில்லை. டிஸ்கஷன் பக்கத்தில் மேலே உள்ள மூன்று டிக்குகளில் முதல் இரண்டும் பிங்பேக் (ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் போகும் தானியங்கி அறிவிப்பு) சம்பந்தப்பட்டவை, எடுத்துவிடுங்கள். இவை இனி எழுதும் பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும் என்பதால் இதுவும் முதல் பதிவுக்கு முன் செய்ய வேண்டிய வேலையே. 'முன்பே ஒரு கருத்து ஏற்கப்பட்டிருக்க வேண்டும்' என்ற டிக் இருக்கட்டும். ஒருவரின் முதல் கருத்தை நீங்கள் அனுமதித்துவிட்டால் அடுத்தவை நேராக வரும். இரண்டு இணைப்பு இருந்தால் நிறுத்திவை என்ற எண்ணை ஒன்றாகக் குறையுங்கள்.

கீழே இரண்டு சொற்பட்டியல்கள் இருக்கும். ஒன்றில் சிக்குவது உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும், மற்றதில் சிக்குவது நேராகக் குப்பைக்குப் போகும். இரண்டும் சொல்லின் நடுவிலும் பொருத்திப் பார்க்கும். தமிழில் இங்கே கவனம் வேண்டும். கடன் விளம்பரத்தைத் தடுக்க 'கடன்' என்று புள்ளியோடு போட்டால் 'கடனுக்கு', 'கடனை' இரண்டும் தப்பிவிடும், அவற்றில் புள்ளி இல்லையே. புள்ளியை விட்டு 'கடன' என்று போட்டால் எல்லா உருவமும் சிக்கும். ஆனால் 'கடனே என்று நடவு செய்தால்' என்று எழுதிய நல்ல வாசகரும், பயிர்க்கடன் பற்றிக் கேட்கும் விவசாயியும் சேர்ந்து சிக்குவார்கள். அதனால் தமிழ்ச் சொற்களைக் காத்திருக்கும் பட்டியலில் மட்டும் போடுங்கள், குப்பைப் பட்டியலில் வேண்டாம்.

ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் இருக்கிறது. தளம் தயாராகும்வரை போட்டு வைக்கலாம், திறப்பு நாளில் எடுத்தே ஆக வேண்டும். அது இருக்கும்வரை டாஷ்போர்டின் 'அட் எ க்ளான்ஸ்' பெட்டியில் நினைவூட்டல் தெரியும். மாதிரிப் பதிவு, அதிலுள்ள மாதிரிக் கருத்து, மாதிரிப் பக்கம் மூன்றையும் நீக்குங்கள். 'அன்கேட்டகரைஸ்டு' பகுப்பை நீக்க விடாது. அதற்கே 'நெல் ரகங்கள்' போல ஒரு பெயர் வைத்து ஸ்லக்கையும் மாற்றிவிடுங்கள்.

நெல்வயல்

404 போய்விட்டது, மடலும் வந்தது. கடைசியாக ஒன்று: செவ்வாய், வெள்ளி காலை 6 மணிக்குப் பதிவு தானாக வெளியாக வேண்டும். நேரம் குறித்து வைத்தால் போதுமா?

வழங்கிக்கூடம்

புதிய தளத்தில் போதாது. வேர்ட்பிரஸ்ஸின் கால அட்டவணை யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் ஓடும். காலை 6 மணிக்கு யாரும் வராமல் 9 மணிக்கு முதல் வாசகர் வந்தால் பதிவு 9 மணிக்கே வெளியாகும். சில சமயம் 'மிஸ்டு ஷெட்யூல்' என்று நின்றும்விடும்.

சிபேனலின் க்ரான் ஜாப்ஸில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓடவிடும் வசதி) டபிள்யூபி-க்ரான் கோப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும்படி ஒரு வேலை சேருங்கள். எழுத வேண்டிய கட்டளை உங்கள் ஹோஸ்டிங்கின் உதவிப் பக்கத்தில் இருக்கும், பிஎச்பியின் பாதை வழங்கிக்கு வழங்கி மாறும். பத்து நிமிடத்துக்குப் பிறகான நேரம் குறித்து ஒரு சோதனைப் பதிவை வைத்துவிட்டு, தளத்தைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். அதன்பின் போஸ்ட்ஸ் பட்டியலைத் திறந்த உடனே 'பப்ளிஷ்டு' என்று இருந்தாலும் போதாது, நீங்கள் உள்ளே நுழைந்ததே அதை ஓடவைத்திருக்கலாம். க்ரான் ஜாப்ஸில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து, கட்டளை பிழையில்லாமல் ஓடியதாக மடல் வருகிறதா என்றும் பாருங்கள். அது உறுதியான பிறகே டபிள்யூபி-கான்ஃபிக்கில் டிஸேபிள்_டபிள்யூபி_க்ரான் மாறிலியை ட்ரூ என்று வையுங்கள். வரிசையை மாற்றி மாறிலியை முதலில் வைத்தால், க்ரான் வேலை சரியாக அமையும்வரை குறித்த பதிவுகளும் வெளியாகாது, தானியங்கி அப்டேட்டும் நின்றுவிடும்.